பேராசிரியருக்கு அனுப்பிய புடவை

என் தம்பி மனைவியின் பெயரில் நான் ஒரு கடிதம் எழுதினேன். அவள் கையெழுத்தையும் நானே போட்டேன். ஒரு பட்டுப் புடவையோடு சேர்த்து அதை ஜெர்மனிக்கு அனுப்பினேன். அவளுக்கு இது எதுவும் தெரியாது. அங்கே படித்துக்கொண்டிருந்த அவள் மகளுக்குக் கைக்கு வந்திருந்த வேலை அதனால் போயிற்று. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அந்தப் பெண் கேட்டபோது, "உங்கம்மாதான் எழுதச் சொன்னாள்" என்றேன். எழுபது வயதைத் தாண்டியவன், கல்லூரியில் ஆயுள் முழுக்க வணிகவியல் நடத்தியவன், கண்ணெதிரே நின்றுகொண்டிருந்த ஒரு பெண்ணின் மேல் பழியைப் போட்டேன்.

இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் குடும்பம் காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிற குடும்பம். நான் படிப்புப் பக்கம் போனேன். தம்பி தறியில் உட்கார்ந்தான். அவன் இறந்தபோது மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவன் மனைவி அதே தறியில் உட்கார்ந்து, கூலிக்கு நெய்து, பெண்ணை வேதியியலில் பட்டம் வாங்க வைத்தாள். மேற்படிப்புக்கு ஜெர்மனியில் இடம் கிடைத்ததும், வங்கிக் கடனுக்கு ஜாமீன் போட்டது நான். விசாவுக்கான தாள்களைப் பார்த்துக் கொடுத்ததும் நான். வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் எதற்கும் "பெரியப்பாவைக் கேளு" என்பார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

அங்கே வெளிநாட்டு மாணவர்கள் வேலை பார்க்கலாம், ஆனால் வருடத்துக்கு இத்தனை நாள்தான் என்று கணக்கு உண்டு. போன புதிதில் அவளுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. படிப்பு ஆங்கிலத்தில் நடந்தது. பாடத்தில் அவளுக்குச் சிக்கல் இல்லை. சிக்கல் எல்லாம் வேலை தேடும்போதுதான். ஆய்வகங்களுக்கும் கம்பெனிகளுக்கும் விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தாள். பதில் வரும். ஒவ்வொரு பதிலிலும் "லைடர்" என்று ஒரு சொல் இருக்குமாம். வருந்துகிறோம் என்று பொருள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் அம்மாவின் போனில் கூப்பிடுவாள், நானும் அங்கே போய் உட்காருவேன்.

"இந்த வாரம் எத்தினி லைடர்டி?" என்று அம்மாக்காரி கேட்பாள். ஜெர்மன் மொழியில் அவள் கற்றுக்கொண்ட ஒரே சொல் அது.

"எண்ணலமா. எண்ணினா சோறு எறங்காது."

"உன் போட்டோ சரியில்லடி. நம்ம ஸ்டுடியோக்காரன் அரிசி மாவு பூசின மாதிரி எடுத்துவச்சிருக்கான்."

உண்மைதான். அங்கே விண்ணப்பத்தில் போட்டோ ஒட்டுவது வழக்கமாம். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டுடியோவில் எடுத்த படத்தில் அவளை இரண்டு மடங்கு வெளுப்பாக்கியிருந்தான். ஒரு மருந்துக் கடையில் நேரில் கூப்பிட்டபோது, கடைக்கார அம்மாள் படத்தையும் இவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்கள் அக்கா வரவில்லையா?" என்று கேட்டாளாம். அதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். அவர்கள் இரண்டு பேரும் அப்படித்தான். கஷ்டத்தைச் சொல்லும்போதே கேலியாக்கிவிடுவார்கள். அன்றைக்கு என்ன சாப்பிட்டாள், தலைமுடி எவ்வளவு கொட்டுகிறது, பக்கத்து அறைப் பெண் யாரோடு சண்டை போட்டாள் என்பதெல்லாம் அம்மாவுக்குத் தெரியும். சாதாரண நாட்களிலும் தறியில் ஓட்டுகிற நாடாவைக் கையில் வைத்துக்கொண்டே போனைத் தோளில் இடுக்கிப் பேசிக்கொண்டிருப்பாள்.

கொஞ்ச நாள் ஒரு ரொட்டிக் கடையில் இருந்தாள். கல்லாப் பக்கம் நின்று விற்க வைத்தார்கள். வருகிற கிழவர்கள் பேசும் ஜெர்மன் வகுப்பில் படித்த ஜெர்மன் இல்லை, அவளுக்குப் புரியவில்லை. பின்னால் தட்டு கழுவ அனுப்பினார்கள். பிறகு அதுவும் நின்றது. கையிலிருந்த பணம் கரைந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அவள் துறையிலேயே ஒரு பேராசிரியர் அம்மாள் ஆய்வகத்துக்கு மாணவர் உதவியாளர் வேண்டும் என்று அறிவித்தார். இவள் போய்ப் பேசினாள். அந்த அம்மாளுக்கு இவளைப் பிடித்துவிட்டது. "வேலை உனக்குத்தான். அலுவலகத்தில் தாள்கள் தயாராகவேண்டும். சில வாரம் ஆகும்" என்றாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஆனந்தப்பட்டார்கள். எனக்கு மட்டும் "சில வாரம் ஆகும்" என்ற வார்த்தை முள்ளாகக் குத்தியது.

என் வாழ்க்கையில் நான் அறிந்த வரை, வேலை தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தாள்கள் வரவேண்டும் என்று ஒருவர் சொன்னால், தன்னை வந்து பார்க்கச் சொல்கிறார் என்று அர்த்தம். எனக்குக் கல்லூரி வேலை கிடைத்ததே அப்படித்தான். நேர்முகம் முடிந்து, எல்லாம் சரி என்று சொல்லி, ஆர்டர் வராமல் இழுத்துக்கொண்டிருந்தது. என் அப்பா தான் நெய்த புடவை ஒன்றை மஞ்சள் துணியில் சுற்றிக்கொண்டு கல்லூரிச் செயலாளர் வீட்டுக்குப் போனார். "பையனை உங்க கையில ஒப்படைச்சிட்டேன்" என்று அந்த வீட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தார். ஆர்டர் வந்தது. அதை நாங்கள் யாரும் லஞ்சம் என்று நினைக்கவில்லை. பெரிய மனிதர் வீட்டுக்குப் பட்டு கொண்டுபோவது எங்கள் ஊரில் மரியாதை. பட்டு நெய்கிறவன் வேறு எதைக் கொண்டுபோவான்? பிறகு நானே துறைத் தலைவராக இருந்தபோது, எத்தனையோ பெற்றோர் என் வீட்டுக்கும் அப்படி வந்திருக்கிறார்கள். நான் வாங்கி வைத்திருக்கிறேன்.

ஆகவே ஒரு புடவை வாங்கினேன். அரக்கு நிறம், அகலமில்லாத ஜரிகைக் கரை. ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். பெரியப்பன் எழுதினால் கனம் போதாது, பெற்றவள் கொடுப்பதாக இருந்தால்தான் ஒரு பெண்ணின் மனம் இளகும் என்று தோன்றியது. தகப்பனில்லாத பெண், ஏழை நெசவாளி, இனி அவளுக்கு நீங்களே தாய் என்றெல்லாம் எழுதினேன். கீழே தமிழில் தம்பி மனைவியின் கையெழுத்து. கடன் தாள்களில் பலமுறை பார்த்த கையெழுத்துதான், போடுவது கடினமாக இல்லை. அவளிடம் சொல்லியிருக்கலாம். "எதுக்கு மாமா, பாப்பாவைக் கேட்டுட்டு செய்யலாம்" என்றிருப்பாள். அதனால்தான் சொல்லவில்லை என்று இப்போது தெரிகிறது.

கொஞ்ச நாள் கழித்து, வாரத்தின் நடுவில் ஒரு மத்தியானம், அவள் என் வீட்டு வாசலுக்கு ஓடிவந்தாள்.

"மாமா, பாப்பா போன்ல அழுதுக்கினு இருக்குது. ஒண்ணும் புரியல. வாங்க."

போனேன். போனைத் தறிக் கட்டை மேல் சாய்த்து வைத்திருந்தாள். திரையில் அந்தப் பெண்ணின் முகம் வீங்கியிருந்தது.

"மா, யாரைக் கேட்டுமா அனுப்புன?"

"இன்னாத்த அனுப்பனேன்? போன வாட்டி மொளகாப் பொடி அனுப்பனதோட சரி."

"பொய் சொல்லாதமா. உன் பேர் போட்டிருக்குது. உன் கையெழுத்து இருக்குது. புடவைமா, புடவை! எங்க மேடத்துக்கு எதுக்குமா புடவை? அவங்க பேண்ட் போட்டுக்கினு சைக்கிள்ல வர்றவங்க."

அங்கே நடந்தது இதுதான். பார்சல் நேராகப் பேராசிரியர் கைக்குப் போகவில்லை. சுங்க அலுவலகத்தில் நிறுத்திவிட்டார்கள். சீட்டு வந்து, அந்த அம்மாள் வேலை நாளில் அங்கே போய் வரிசையில் நின்று, ஓர் அதிகாரியின் எதிரில் பிரித்துக் காட்டியிருக்கிறார். புடவையும் கடிதமும் மேசை மேல் கிடந்திருக்கின்றன. அரசுப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்ப்பவர்கள் இப்படி எதையும் வாங்கக் கூடாது. வந்தால் மேலே தெரிவித்தாக வேண்டும். தெரிவித்தார். புடவையை அலுவலகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு இவளிடமே கொடுத்துவிட்டார்கள்.

"என்னை யாரும் திட்டலமா. அதுதாம்மா கஷ்டமா இருக்குது. மேடம் ரொம்ப மரியாதையா சொன்னாங்க. உனக்கு இதில் சம்பந்தமில்லைன்னு நம்பறேன், ஆனா இனிமே இந்த வேலையை உனக்குக் குடுத்தா அது சரியா இருக்காதுன்னாங்க. வேற பையனுக்குக் குடுத்துட்டாங்க. கெடைச்ச வேலைமா! தாள் மட்டும்தான் வரணும். நெஜமாவே தாள் மட்டும்தான்."

பிறகு அவள் பார்வை என் பக்கம் திரும்பியது.

"பெரியப்பா, லெட்டர் இங்கிலீஷ்ல இருக்குது. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நீங்கதானே எழுதுனீங்க?"

அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சொன்னது வேறு.

"எழுதிக் கொடுத்தது வாஸ்தவம்தான்மா. உங்கம்மா கேட்டுக்கினே இருந்தா. வேணாம்னுதான் சொன்னேன். அவ மனசு கேக்கல."

தம்பி மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. தானே எதையோ மறந்துவிட்டோமோ என்று சந்தேகப்படுகிற மாதிரி பார்த்தாள். பிறகு போனைப் பார்த்து, "ஆமாமா. நான்தான் மாமாவை எழுதச் சொன்னேன். தெரியாமப் பண்ணிட்டேன்" என்றாள்.

மகள் அவளை என்னவெல்லாமோ சொன்னாள். உனக்கு ஒன்றும் தெரியாது, தெரியாததில் ஏன் கை வைக்கிறாய், என் வாழ்க்கையைத் தறிக் கூலி என்று நினைத்தாயா என்று கேட்டாள். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். போன் அணைந்தது. பிறகு என்னைப் பார்த்து, "டீ போடட்டுமா மாமா?" என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதத்தான் எனக்கு மிகவும் அலுப்பாக இருக்கிறது. பழி அவள் மேல் விழுந்ததோடு நிற்கவில்லை. எனக்கு அதனால் லாபம் வந்தது.

பெண் அம்மாவிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். ஞாயிறு போன் வரும். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மழையா, மழை, வைக்கிறேன். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை வராது. கேட்டால், "உங்கிட்ட சொன்னா நீ எதுனா பண்ணிடுவ" என்பாள். எல்லாச் செய்தியும் என் போனுக்கு வர ஆரம்பித்தது. எந்தக் கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டாள், யார் மறுத்தார்கள், எந்த வகுப்பில் ஜெர்மன் படிக்கிறாள் எல்லாம் வரும். கடைசியில், "அம்மாகிட்ட சொல்லாதீங்க பெரியப்பா" என்று ஒரு வரி. விவரம் தெரிந்த ஒரே ஆள் என்று என்னை நம்பினாள்.

அம்மாக்காரி மாலையில் தறியை விட்டு எழுந்து வருவாள். உள்ளே வரமாட்டாள், படியில் நின்றபடி கேட்பாள்.

"பாப்பா இன்னா சொல்லுது மாமா?"

"நல்லா இருக்குதாம்மா."

"சாப்பாடு?"

"சாப்பிடுதாம்."

அவ்வளவுதான். தன் மகள் என்ன சாப்பிட்டாள் என்பதை என்னிடம் வந்து கேட்டுவிட்டுத் திரும்பிப் போவாள். என்னை ஒருநாளும் அவள் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் நானும் கோபப்பட்டு உண்மையைக் கக்கியிருப்பேனோ என்னவோ.

பெண் ஒரு பார்சல் கிடங்கில் பெட்டிகளை ஊர்வாரியாகப் பிரித்துப் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். ஓடுகிற பட்டை மேல் பெட்டிகள் வந்துகொண்டே இருக்கும், நிற்க நேரம் இருக்காது. அடுத்த நாள் வகுப்பில் கண் சொருகும் என்று எழுதியிருந்தாள். ஒருநாள் ஒரு படம் அனுப்பினாள். வலது மணிக்கட்டில் கட்டு. பெட்டி ஒன்று சரிந்து விழுந்ததாம். எலும்புக்கு ஒன்றுமில்லை, சுளுக்குத்தான். வழக்கம்போலக் கடைசி வரி: அம்மாகிட்ட சொல்லாதீங்க.

அந்தப் படம் வந்த மறுநாள் ஐயம்பேட்டையில் உறவில் ஒரு வளைகாப்பு. தம்பி மனைவியும் நானும் போயிருந்தோம். திரும்பும்போது ஷேர் ஆட்டோ. நெருக்கி உட்கார்ந்திருந்தோம். அவள் மடியில் தாம்பூலப் பை. கொஞ்ச தூரம் போனதும் மெதுவாகக் கேட்டாள்.

"மாமா, அது இப்ப இன்னா வேலை செய்யுது?"

"ஏம்மா?"

"அங்க ஒரு அம்மா கேட்டாங்க. உன் பொண்ணு ஜெர்மனில இன்னா பண்ணுதுன்னு. படிக்குதுன்னேன். வேலை எதுனா செய்யுதான்னாங்க. எனக்குச் சொல்லத் தெரியல. பெத்தவளுக்கே தெரியலன்னா சிரிப்பாங்க இல்ல? மாமாவுக்குத் தெரியும்னு சொல்லிட்டு வந்தேன்."

என் சட்டைப் பையில் போன் இருந்தது. போனுக்குள் அந்தக் கட்டுப் போட்ட கை இருந்தது. "ஏதோ ஆபீஸ் மாதிரிம்மா" என்றேன். அன்றைக்கும் நான் சொல்லவில்லை. ஓட்டுநர் பின்னால் திரும்பி, "பெரியவரே, கொஞ்சம் நவுந்து குந்துங்க" என்றான். நகர்ந்து உட்கார்ந்தேன். வீடு வரை அவள் வேறு எதுவும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு தம்பி வீட்டில் போன் வந்ததும் நான் முந்திக்கொண்டேன். தள்ளிப்போட்டால் நான் சொல்லமாட்டேன் என்று எனக்கே தெரியும்.

"பாப்பா, அந்தப் புடவையை அனுப்பினது நான். உங்கம்மாவுக்குத் தெரியாது. கையெழுத்தும் நான் போட்டது. அன்னிக்கு உங்கிட்ட பொய் சொன்னேன்."

அவள் என்னை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"அப்புறம் ஏம்மா நீ ஆமான்னு சொன்ன?"

தம்பி மனைவி முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "மாமா வாயால சொல்லிட்டாங்க. நான் இல்லைன்னு சொன்னா அவங்க மூஞ்ச எங்க கொண்டுபோய் வச்சிக்குவாங்க?" என்றாள்.

"உன் மூஞ்சிமா?"

"எனக்கு இன்னாடி. நீ திட்டுவ, அப்புறம் பேசிடுவன்னு நெனச்சேன். நீ பேசவே இல்ல."

அந்தப் பெண் அழுதாள். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவள் குறுக்கே கையைக் காட்டினாள், கட்டுப் போட்ட கை. தம்பி மனைவி அதை அப்போதுதான் பார்த்தாள். "ஐயோ, கைக்கு இன்னாடி ஆச்சு?" என்று கத்தினாள்.

"பெரியப்பா, கொஞ்சம் வெளில போறீங்களா? அம்மாகிட்ட பேசணும்."

எழுந்து போனேன். தெருக்கோடி வரை நடந்தேன். திரும்பி வரும்போது கதவு சாத்தியிருந்தது, உள்ளே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

பேராசிரியருக்கு உண்மையை எழுதவேண்டும் என்று நினைத்தேன். இந்த முறை கேட்டுவிட்டுச் செய்வோம் என்று கடிதத்தை முதலில் அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். நீளமான கடிதம். என் அப்பா, எங்கள் ஊர் வழக்கம், என் வயது எல்லாம் அதில் இருந்தது. ரொம்ப நாள் பதில் இல்லை. பிறகு வந்தது. எல்லாவற்றையும் அடித்துவிட்டு நான்கைந்து வாக்கியம் மட்டும் வைத்திருந்தாள். அனுப்பியது நான். அவள் தாய்க்குத் தெரியாது. கையெழுத்துப் பொய். மன்னிக்கவும். "இது மட்டும் போதும் பெரியப்பா. பாவம் புண்ணியம் எல்லாம் வேண்டாம்" என்று கீழே எழுதியிருந்தாள். அப்படியே அனுப்பினேன். அந்த அம்மாள் இரண்டு வரியில் பதில் எழுதினார். தெரிவித்ததற்கு நன்றி, அந்த இடம் நிரம்பிவிட்டது, மாணவிக்கு நல்வாழ்த்துகள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேலை திரும்பி வரவில்லை.

பிறகு அவளுக்கு வேறு இடத்தில் கிடைத்தது. அந்த ஊரில் குடிதண்ணீரைப் பரிசோதிக்கும் ஒரு கூடத்தில் மாணவர் வேலை. கிடங்கு வேலைக்கு நடுவிலேயே ஜெர்மன் படித்து, அந்த மொழியிலேயே நேர்முகம் பேசி வாங்கினாளாம். இந்தச் செய்தி என் போனுக்கு வரவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள், "உங்க தம்பி பொண்ணுக்கு வேலை கெடச்சிட்ச்சாமே, அவங்கம்மா கேசரி குடுத்தாங்க" என்று சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. மாலையில் எனக்கும் ஒரு கிண்ணத்தில் கேசரி வந்தது. தம்பி மனைவியே கொண்டுவந்தாள். வழக்கம்போலப் படியில் நின்றாள். "முந்தாநேத்து சொல்லுச்சு மாமா. தண்ணியில இன்னா இன்னா கலந்துக்கினு இருக்குதுன்னு பாக்கணுமாம்" என்றாள். எனக்குத் தெரியாததை அவள் எனக்குச் சொன்னாள். அதுதான் முறை.

பெண் என்னிடம் மரியாதையாகத்தான் இருக்கிறாள். பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் வாழ்த்து அனுப்புகிறாள். மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்கிறாள். நான் எதைக் கேட்டாலும் "நல்லா இருக்கேன் பெரியப்பா" என்று பதில் வருகிறது. ஞாயிறு சாயங்காலம் இப்போது நான் அங்கே போவதில்லை. யாரும் வராதே என்று சொல்லவில்லை. கூப்பிடவும் இல்லை.

போன வாரம் மட்டும், வீட்டு வரி ரசீதைக் கொடுக்கப் போனேன். தம்பி மனைவி போனைத் தறிக் கட்டையில் சாய்த்து வைத்து ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"மாமா வந்துக்கிறாங்கடி. பேசுறியா?"

அந்தப் பக்கம் அவள் ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. தம்பி மனைவி என்னை நேராகப் பார்க்காமல், "கிளாசுக்கு நேரமாயிட்ச்சாம் மாமா" என்றாள்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"சரிம்மா, படிக்கட்டும்" என்றேன். ரசீதை அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.